விளையாட்டாய் ஒரு வரலாறு – 9: அழைக்காமல் வந்தவர்

போன வாரம் வீடியோ கேம் வியாபாரி ஹெங்க் ரோஜர்ஸை மாஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்தின் வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். பிப்ரவரி மாதம். ரஷ்யக் குளிர். ஒரு வாரம் முழுக்க ஒரு மனிதரை வெளியே நிற்கவைத்தது கொஞ்சம் அநியாயம்தான். வாருங்கள், உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

அதில் ஒரு சிக்கல்.

அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

1989-இல் சோவியத் அரசு அலுவலகம் ஒன்றுக்குள் வெளிநாட்டுக்காரர் கால் வைக்க வேண்டுமென்றால் அழைப்பு வேண்டும். அதற்கேற்ற விசா வேண்டும். ரோஜர்ஸிடம் இருந்தது சுற்றுலா விசா. கிரெம்ளினைச் சுற்றிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், மரப்பொம்மை வாங்கலாம். வியாபாரம் பேசக் கூடாது. தேடி வந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே படாத பாடு பட்டிருந்தார். ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தை ஆடுகிறவர்களைக்கூடத் தேடிப் போய் விசாரித்துப் பார்த்தார். கடைசியில் கூலிக்கு அமர்த்திக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருவழியாக வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

வாசலோடு சரி. அழைப்பில்லாமல் உள்ளே போகக் கூடாது என்று அந்தப் பெண் தடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரோஜர்ஸ் நாலு நாளில் விமானம் ஏறிவிடுவார். அந்தப் பெண் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டியவர்.

ரோஜர்ஸ் கதவைத் தள்ளினார்.

எலோர்க். சோவியத் நாட்டின் கம்ப்யூட்டர் சரக்கையும் மென்பொருளையும் வெளிநாட்டுக்கு விற்கும் அரசு நிறுவனம். உள்ளே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜப்பானிலிருந்து வந்திருக்கிறாராம், ஆனால் ஜப்பானியர் இல்லை. டச்சுக்காரராம், ஆனால் பேசுவது அமெரிக்க ஆங்கிலம். என்ன வேண்டுமாம்?

டெட்ரிஸ் பற்றிப் பேச வேண்டுமாம்.

இந்த மனிதருக்கு அப்படி என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் உட்கார்ந்தபடி ஒரு டெலக்ஸ் தட்டிவிட்டிருக்கலாமே? டெலக்ஸ் தட்டியவரின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. லண்டனில் இருந்த ராபர்ட் ஸ்டைன் அப்படித்தான் ஆரம்பித்தார். புடாபெஸ்டில் ஒரு கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். மாஸ்கோவுக்கு டெலக்ஸ் அனுப்பினார். சம்மதம் மாதிரித் தெரிந்த ஒரு பதில் வந்தது. மாதிரிதான், சம்மதம் இல்லை. அதை வைத்துக்கொண்டு கையெழுத்தான ஒப்பந்தம் எதுவும் வருவதற்கு முன்பே விற்றும்விட்டார்.

மூலப்பத்திரம் இல்லாத மனையை ஒருவர் இன்னொருவருக்கும், அவர் மூன்றாமவருக்கும், அவர் பிளாட் போட்டு ஊர் முழுக்கவும் விற்ற கதை நமக்கொன்றும் புதிதில்லை. டெட்ரிஸுக்கு நடந்தது அதுவேதான். ஸ்டைனிடமிருந்து லண்டன் மிரர்சாஃப்ட் வாங்கியது. மிரர்சாஃப்டிடமிருந்து அமெரிக்காவின் அடாரி கேம்ஸ் வாங்கியது. அடாரியிடமிருந்து ஜப்பானுக்கான வீடியோ கேம் உரிமையை ரோஜர்ஸ் வாங்கினார். ஒவ்வொருவரும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. மூலப்பத்திரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ரோஜர்ஸும்தான். மாஸ்கோவுக்கு அவர் அதற்காக வரவும் இல்லை. அவரை விமானம் ஏற்றியது வேறொன்று.

நின்டெண்டோ அப்போது கையடக்கமாக ஒரு கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தது. நாலு பேட்டரி போட வேண்டும். திரையில் வண்ணம் கிடையாது, பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல். பெயர் கேம் பாய். அதோடு சேர்த்து ஒரு கேமை இலவசமாகக் கொடுப்பதாகத் திட்டம். எந்த கேம்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மரியோதான். நின்டெண்டோவின் செல்லப்பிள்ளை அவர்.

ரோஜர்ஸ் நேராக நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவிடம் போனார். மரியோவைக் கொடுத்தால் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்றார். அவ்வளவுதான் வாதம்.

எவ்வளவு பெரிய வாதம் என்று பாருங்கள். அன்றைக்கு வீடியோ கேம் என்றால் பையன்கள் சமாசாரம். குதிக்க வேண்டும், சுட வேண்டும், பத்து விரலும் பழக வேண்டும். பெண்களும் ஆட வேண்டும் என்று நினைத்து இவாட்டானி பேக்-மேனைச் செய்த கதையை முன்னமே பார்த்தோம். அவர் திறந்த கதவு பாதியில் மறுபடி சாத்திக்கொண்டது. இப்போது ரோஜர்ஸ் சொல்வது அதைவிட ஒரு படி மேலே. அப்பா ஆடுவார், அம்மா ஆடுவார், ரயிலில் ஆபீஸ் போகிறவர் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஆடுவார். கதை தெரிந்திருக்க வேண்டாம். விதியை யாரும் விளக்க வேண்டாம். மேலேயிருந்து கட்டை விழுகிறது, அடுக்கு. முடிந்தது பாடம்.

இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் செல்போனில் மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த உலகம் முழுவதும் அரகாவாவிடம் ரோஜர்ஸ் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் சுருண்டு கிடந்தது.

அரகாவா ஒப்புக்கொண்டார். உரிமையை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள் என்றார்.

கையடக்கக் கருவிக்கான உரிமை. அதை இன்னும் யாரும் யாருக்கும் விற்கவில்லை. ரோஜர்ஸ் ஸ்டைனிடம் கேட்டுப் பார்த்தார். ஸ்டைன் இன்று நாளை என்று இழுத்தார். இழுக்க இழுக்க ரோஜர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. இவரிடம் சரக்கு இல்லையோ? இருந்தால் இந்நேரம் விலை சொல்லியிருப்பாரே? கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதே வாரம் ஸ்டைனும் மாஸ்கோவுக்கு வந்திருந்தார். இவ்வளவு ஆவலாக ஒருவர் கேட்கிறார் என்றால் அதில் காசு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

இருவருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. மூன்றாவதாக ஒருவரும் வந்திருந்தார். மிரர்சாஃப்ட் முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன் கெவின். முப்பது வயது.

மூன்று பேர். ஒரே ஊர். ஒரே அலுவலகம். ஒருவர் வந்திருப்பது மற்றவருக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒரே ஒருவர். நிகோலாய் பெலிகோவ்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டெட்ரிஸை உண்டாக்கிய பஜித்னோவைப் பற்றிப் பேசுவார்கள், ரோஜர்ஸைப் பற்றிப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அந்த வாரத்தின் பெரிய ஆட்டக்காரர் பெலிகோவ்தான். அவர் கேம் ஆடுகிறவர் இல்லை. வியாபாரியும் இல்லை. சோவியத் அரசு அதிகாரி. டெட்ரிஸ் கோப்பு அவர் கைக்கு வந்துசேர்ந்தது. திறந்து பார்த்தார். ஸ்டைனோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. வர வேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை. வெளியே என்ன நடக்கிறது என்று எலோர்க்கில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அரசு சொத்து. அயல்நாட்டுப் பணம். கணக்கு இல்லை. அந்த நாட்டில் இந்த மூன்றும் ஒரு கோப்பில் ஒன்றாகச் சேர்ந்தால் அதை வைத்திருக்கும் அதிகாரிக்குத் தூக்கம் வராது. நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பேராசை இல்லை, புகழாசை இல்லை. தன் மேல் பழி விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலை அவரை எவ்வளவு கூர்மையாக்கியது என்று பாருங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெலிகோவும் அவருடைய ஆட்களும். அவர்களோடு பஜித்னோவும் உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை உண்டாக்கியவர். அந்த மேசையில் பணத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை இல்லாதவரும் அவர்தான். உரிமையைப் பத்து வருடத்துக்கு அரசிடம் ஒப்படைத்துவிட்டார் என்பதை முன்பே பார்த்தோம். ஒரு கோபெக் காசுகூட வரப்போவதில்லை. தன் ஆட்டம் நாலு பேரிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தார்.

மேசைக்கு இந்தப் பக்கம் ரோஜர்ஸ். தனி ஆள்.

கையடக்க உரிமை வேண்டும் என்றார். தான் யார் என்று சொல்ல வேண்டுமே? வெறும் தரகர் இல்லை, ஏற்கெனவே டெட்ரிஸை நடத்திக்கொண்டிருப்பவர் என்று காட்ட வேண்டுமே? பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். நின்டெண்டோவின் ஃபாமிகாமில் செருகி ஆடும் கேசட். ஜப்பானில் அவருடைய கம்பெனி போட்டது. பெருமையாக மேசைமேல் வைத்தார்.

பெலிகோவ் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

இது என்ன என்று கேட்டார்.

ரோஜர்ஸ் விளக்கினார். வீட்டு டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் இயந்திரம். அதற்கான டெட்ரிஸ். நன்றாக விற்கிறது.

பெலிகோவ் முகம் மாறவில்லை. இந்த மாதிரி இயந்திரத்துக்கு நாங்கள் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லையே என்றார்.

ஒரு நிமிடம் ரோஜர்ஸின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அந்தக் கேசட்டுகளை அச்சடிக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. வங்கியில் கடன் வாங்கியிருந்தார். கடனுக்கு ஈடாக வைத்தது அவருடைய சொத்து இல்லை. மாமனார் மாமியார் சொத்து. காதலித்த பெண்ணைத் தேடி ஜப்பானுக்கு வந்து, மொழி சரியாக வராமலே ‘தி பிளாக் ஆனிக்ஸ்’ என்ற கேமைச் செய்து பெயர் வாங்கிய மனிதர். நம்பிப் பெண் கொடுத்தவர்கள் சொத்தையும் நம்பிக் கொடுத்தார்கள். இப்போது மாஸ்கோவில் ஒருவர் அமைதியாகச் சொல்கிறார், நீ விற்றுக்கொண்டிருப்பது திருட்டுச் சரக்கு என்று.

அதுவும் எங்கே? அழைப்பில்லாமல் நுழைந்த அரசு அலுவலகத்தில். சுற்றுலா விசாவில்.

இந்த இடத்தில் ஒருவர் என்னென்ன செய்யலாம்? சத்தம் போடலாம். என்னிடம் காகிதம் இருக்கிறது, வழக்குப் போடுவேன் என்று மிரட்டலாம். அடாரிதான் ஏமாற்றியது என்று பழியைத் தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளலாம். கெட்டிக்கார வியாபாரி என்றால் ஒன்றும் புரியாத மாதிரி நடித்து, கேசட்டைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறியிருப்பார்.

ரோஜர்ஸ் இதில் எதையும் செய்யவில்லை.

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். யாரிடம் வாங்கினேன், அவர் யாரிடம் வாங்கினார், அவருக்குக் கொடுத்தது யார். ஒவ்வொரு கண்ணியாக. கம்ப்யூட்டர் உரிமை என்றால் என்ன, வீடியோ கேம் இயந்திர உரிமை என்றால் என்ன, ஆர்கேட் என்றால் என்ன, கையடக்கம் என்றால் என்ன. எது எதைவிடப் பெரிய சந்தை. யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று எலோர்க்குக்கு முதன்முறையாக ஒருவர் பாடம் எடுத்தார்.

பிறகு செக் புத்தகத்தை எடுத்தார். நான் விற்றதற்கு உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு இது என்று எழுதிக் கொடுத்தார். 40,000 டாலருக்கும் மேலே.

இதைச் சாமர்த்தியம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி பயம், பாதி நேர்மை, இரண்டும் கலந்த ஒரு நிலையில்தான் மனிதர்கள் இப்படிச் செய்வார்கள். மாமனார் மாமியார் சொத்தை மீட்க வேண்டும், அதற்கு இந்த மனிதர் மனம் வைக்க வேண்டும், அதற்குப் பொய் உதவாது. அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கை அவர் நொடியில் போட்டார் என்பதுதான் விசேஷம்.

பெலிகோவ் என்ன நினைத்திருப்பார்? இதுவரை அந்த மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கொடுத்தவர் இவர்தான் முதல் ஆள். கேட்காமலே கொடுத்தவர்.

மேசையில் இன்னொருவரும் ரோஜர்ஸைக் கவனித்துக்கொண்டிருந்தார். பஜித்னோவ். முதலில் அவருக்கு இந்த ஆள்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. வெளிநாட்டு வியாபாரி இன்னொருவன், அவ்வளவுதான். பேச்சு போகப் போகத்தான் புரிந்தது, இவர் விற்பவர் மட்டுமில்லை, கேம் செய்பவரும்கூட. ஆட்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து பேசுகிறார். கூட்டம் முடிந்ததும் பஜித்னோவ் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். எப்படிப்பட்ட ஊரில், எப்படிப்பட்ட காலத்தில்! வெளிநாட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிப் போவது அங்கே சாதாரணக் காரியமா? இரண்டு பேரும் அன்றிரவு பேசியது பணத்தைப் பற்றி இல்லை. ஆட்டங்களைப் பற்றி. அன்று தொடங்கிய நட்பு இன்னும் பல அத்தியாயம் நம்மோடு வரும். இப்போதைக்கு அதை அங்கேயே விடுவோம்.

ஏனென்றால் கேசட் எலோர்க்கில் இருக்கிறது.

பெலிகோவின் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. கோப்பில் இருந்த ஓட்டை எங்கே என்று ரோஜர்ஸ் காட்டிவிட்டார். ஸ்டைனோடு போட்ட ஒப்பந்தம் கம்ப்யூட்டர்களுக்கு. அதில் கம்ப்யூட்டர் என்றால் எது என்று தெளிவாக எழுதவில்லை. அந்த ஒரு சந்து வழியாகத்தான் எல்லோரும் நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியை அடைக்க வேண்டும். அடைப்பது ஸ்டைனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கையெழுத்துப் போட மாட்டார்.

ஸ்டைன் வந்தார். கையடக்க உரிமை, ஆர்கேட் உரிமை, இரண்டையும் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

பேசலாம். அதற்கு முன்னால் பழைய ஒப்பந்தத்தில் சின்னதாக ஒரு திருத்தம், அதில் கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதத்தை நீட்டினார் பெலிகோவ்.

ஸ்டைன் படித்தார். ஓர் இடத்தில் அவர் கண் சட்டென்று நின்றது. பணம் தாமதமானால் அபராதம். கடுமையான அபராதம். ஸ்டைனுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் தாமதம் உண்மை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அந்த அபராத வரியை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்.

அதே காகிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சாதுவான வரி. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று சொல்லும் வரி. புராசசர், மானிட்டர், டிஸ்க் டிரைவ், கீபோர்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் ஆகியவை கொண்டது.

அவ்வளவுதான். படித்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். யார் இதற்கெல்லாம் சண்டை போடுவார்கள்?

ஃபாமிகாமுக்குள் புராசசர் உண்டு. மானிட்டர் கிடையாது, டிவியில் மாட்ட வேண்டும். அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ பெட்டிக்கு டிஸ்க் டிரைவ் கிடையாது. அதோடு கீபோர்டும் வராது. இன்னொரு வேடிக்கை தெரியுமா? ஃபாமிகாம் என்பதே சுருக்கம்தான். முழுப்பெயர் ஃபேமிலி கம்ப்யூட்டர்! பெயரிலேயே கம்ப்யூட்டரை வைத்திருந்த ஒரு பெட்டி, பெலிகோவின் ஒரு வரியில் கம்ப்யூட்டர் இல்லை என்றாகிவிட்டது. இந்த வேடிக்கை பின்னால் அமெரிக்க நீதிமன்றம் வரைக்கும் போகப்போகிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருத்தம் அன்றிலிருந்து மட்டும் செல்லுபடியாவது இல்லை. பழைய ஒப்பந்தம் பிறந்த நாளிலிருந்தே செல்லும்.

ஸ்டைன் கையெழுத்துப் போட்டார்.

ஒரே கோட்டில் அவர் விற்றது, அவரிடம் வாங்கியவர் விற்றது, அவரிடம் வாங்கியவர் விற்றது, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த தரை நழுவியது. ஆர்கேட் உரிமை கிடைக்கிறது என்ற திருப்தியோடு ஸ்டைன் அறையை விட்டுப் போனார். கையடக்கம் கிடைக்கவில்லை. என்ன போயிற்று என்று அவருக்குப் புரிய இன்னும் காலம் பிடிக்கும்.

அடுத்தவர் கெவின் மேக்ஸ்வெல்.

இவர் வேறு ரகம். அப்பாவுக்கு லண்டனில் பத்திரிகை சாம்ராஜ்யம். சோவியத் தலைவர்களோடு நேரடிப் பழக்கம். கோர்பச்சேவ் வரைக்கும் கை நீளும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு டெட்ரிஸ் ஒரு தூசு. குடும்பத்தின் எத்தனையோ வியாபாரங்களில் ஒன்று. தங்கள் கம்பெனி யாருக்கு என்ன விற்றிருக்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொண்டு வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பெலிகோவ் அந்தக் கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ரோஜர்ஸ் கொண்டுவந்த அதே ஃபாமிகாம் கேசட்.

இது என்ன என்று கேட்டார்.

பாருங்கள், அதே கேள்வி. ரோஜர்ஸிடம் கேட்டபோது தெரியாமல் கேட்டார். இப்போது தெரிந்துகொண்டு கேட்கிறார்.

கெவின் பார்த்தார். அதில் மிரர்சாஃப்ட் பெயர் இருந்தது. பெலிகோவ் விரலை வைத்துக் காட்டினார். உங்கள் கம்பெனி பெயர் போட்டிருக்கிறதே, எப்படி?

உண்மையான பதில் என்ன? நாங்கள் அடாரிக்கு விற்றோம், அடாரி ஜப்பானில் விற்றது. கெவினுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள கஷ்டம் அது.

இது திருட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

பெலிகோவ் அதற்குமேல் எதுவும் கேட்கத் தேவையில்லை.

என்ன சொல்லிவிட்டார் என்று கெவினுக்கே தெரியவில்லை. வீடியோ கேம் இயந்திரத்துக்கான டெட்ரிஸ் திருட்டுச் சரக்கு என்று மிரர்சாஃப்டின் ஆளே தன் வாயால் சொன்னால், அந்த உரிமை மிரர்சாஃப்டிடம் இல்லை என்றுதானே பொருள்? மிரர்சாஃப்டிடம் இல்லையென்றால் அடாரிக்கு எங்கிருந்து வந்தது? அப்பா கோட்டை கட்டிக்கொண்டிருக்க, மகன் போகிற போக்கில் அஸ்திவாரத்தில் ஒரு கல்லை உருவிக் கையில் கொடுத்துவிட்டார்.

பெலிகோவ் கெவினை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதுவும் ஒரு தந்திரம்தான். மிச்சமிருக்கும் உரிமைகளுக்கு நீங்கள் விலை கேட்கலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தார். அதற்கு ஒரு கெடு. கெவின் அதை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார். காரியம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு அவருக்கு.

இவ்வளவும் நடக்கும்போது ஸ்டைனும் ரோஜர்ஸும் கெவினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தவர் பெலிகோவ் மட்டுமே. வீடியோ கேம் என்றால் என்னவென்று முந்தாநாள் வரை தெரியாத மனிதர்!

ரோஜர்ஸுக்கு ஒப்பந்தம் தயாரானது. கையடக்க உரிமை. அவர் எதற்காக ஜப்பானிலிருந்து கிளம்பினாரோ அது. கேம் பாயோடு டெட்ரிஸ் போகும். இதற்கு மேல் சொன்னால் பின்னால் வருகிற அத்தியாயங்களை இப்போதே உடைத்துவிடுவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் ‘9999 இன் 1’ என்று எழுதிய பிரிக் கேம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி நீங்கள் அழுது அடம்பிடித்திருந்தால், அதற்குள் நாள் முழுக்க விழுந்துகொண்டிருந்த கட்டைகள் இந்த டெட்ரிஸ் கட்டைகள்தான். உரிமை கிரிமை எதுவும் இல்லாமல் வந்தவை. பெலிகோவ் பார்த்திருந்தால் கேசட்டைத் திருப்பிப் பார்த்த மாதிரி அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்.

ரோஜர்ஸ் கையெழுத்துப் போட்டார். கை குலுக்கினார். கிளம்பலாம்.

கிளம்ப விடவில்லை பெலிகோவ்.

இன்னொன்று பாக்கி இருக்கிறதே என்றார். வீட்டு டிவியில் மாட்டுகிற அந்த இயந்திரம். அந்த உரிமை இப்போது யாரிடமும் இல்லை. உங்களுக்கு வேண்டுமா?

ரோஜர்ஸுக்கு மூச்சு நின்றிருக்கும்.

கையடக்கம் புதையல் என்றால் இது சுரங்கம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் நின்டெண்டோ பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அத்தனை வீட்டிலும் டெட்ரிஸ். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் அந்தப் பெட்டிக்கு டெட்ரிஸ் போடும் உரிமை தன்னிடம் இருப்பதாக ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனி உண்டு. அடாரி கேம்ஸ். ரோஜர்ஸுக்கு ஜப்பான் உரிமையைக் கொடுத்த அதே அடாரி. டெங்கன் என்ற பெயரில் நின்டெண்டோ பெட்டிக்கு அவர்கள் கேசட் போடுகிறார்கள். நின்டெண்டோவுக்கும் அவர்களுக்கும் ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு. டெட்ரிஸ் கேசட்டும் கலிஃபோர்னியாவில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இப்போது சரி என்று சொன்னால் ரோஜர்ஸ் தனக்கு உரிமை கொடுத்தவர்களின் அடிமடியிலேயே கை வைக்கிறார். வேண்டாம் என்றால் கெவின் கையில் இருக்கும் காகிதத்துக்கு உயிர் வந்துவிடும். சுரங்கம் மேக்ஸ்வெல் வீட்டுக்குப் போகும்.

இது தனி ஆள் ஆடும் ஆட்டமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பணம் வேண்டும். வக்கீல் வேண்டும். அடாரியோடு மோதப் பயப்படாத ஆள் வேண்டும். அப்படி இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் அரகாவா. இன்னொருவர் அவருடைய வலதுகை, வக்கீல் ஹோவர்ட் லிங்கன். டெங்கன் என்ற பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறவர்.

ரோஜர்ஸ் பெலிகோவிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுக்கொண்டு அமெரிக்காவுக்கு விரைந்தார். செய்தியைக் கேட்ட அரகாவாவும் லிங்கனும் உடனே முடிவெடுத்தார்கள். நாமே மாஸ்கோ போகிறோம். வெளியே மூச்சுவிடக் கூடாது. அடாரிக்குத் தெரியக் கூடாது, மேக்ஸ்வெல்லுக்குத் தெரியவே கூடாது.

லண்டனில் கெவின் மேக்ஸ்வெல்லிடம் அந்தக் காகிதம் இருக்கிறது. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு விலை எழுதி மாஸ்கோவுக்கு அனுப்பினால் போதும், ரோஜர்ஸும் அரகாவாவும் லிங்கனும் விமான டிக்கெட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

கெவின் அனுப்பினாரா?

(அடுத்த வாரம்)